நெல் நாற்றின் குளிர் தாங்குதிறன்: ரகம் உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘குளிர் தாங்கும் நெல்’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ‘எந்தப் பருவத்தில்?’ என்றுதான். விதை முளைக்கும்போது தாக்கும் குளிர் வேறு, மூன்று இலை நாற்றைத் தாக்கும் குளிர் வேறு, பொதி கட்டும்போது, அதாவது கதிர் வெளிவரும் முன் உறைக்குள் உருவாகும்போது, வருவது வேறு. ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றொன்றையும் தாங்கும் என்று நம்பிக் கலப்பில் இறங்குவதுதான் பெரிய தவறு.

2008இல் கண்டறியப்பட்ட கியூஎல்டிஜி3-1 மரபணு நல்ல உதாரணம். இத்தாலிக்கா லிவோர்னோ என்ற ரகத்திலிருந்து கிடைத்தது. விதையின் கருவை மூடியிருக்கும் திசுக்களைத் தளர்த்தி, குளிரிலும் முளை வெளியே வர வழிவிடுகிறது. 2017இல் வெளியான சிடிபி4ஏ மரபணுவோ பொதிப் பருவத்தில் மகரந்தத்தைக் காக்கிறது. இவற்றில் ஒன்றைச் சேர்த்துவிட்டு, நாற்றங்காலில் இலை ஏன் வெளுக்கிறது என்று குழம்பினால் விடை கிடைக்காது.

அடுத்த தவறு சோதனையிலேயே நடக்கிறது. குளிர் அறையிலிருந்து நாற்றுத் தட்டை வெளியே எடுத்த அன்றே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அன்று பார்த்தால் இலை லேசாகச் சுருண்டிருக்கும், ஆனால் பச்சை போயிருக்காது. ‘தாங்கிவிட்டது’ என்று எழுதத் தோன்றும். வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றிச் சில நாள் கழித்துப் பாருங்கள்: அதே நாற்று நுனியிலிருந்து காய்ந்து, அடித்தண்டு தொய்ந்து கிடக்கும். பக்கத்தில் மஞ்சளாக நின்ற நாற்றோ நடுக்குருத்திலிருந்து புது இலை விட்டிருக்கும். நான் இப்படிப் போட்ட மதிப்பெண்களை அடித்துத் திருத்தியிருக்கிறேன். ஒரு வாரமாவது தேறவிட்டு, அப்புறம் உயிரோடு இருப்பவற்றை எண்ணுங்கள்.

தட்டின் ஓரத்தில், விசிறிக்கு நேராக இருக்கும் நாற்றுகளுக்குக் குளிர் அதிகம் படும். பழைய விதை ஏற்கெனவே வீரியம் இழந்திருக்கும். குளிரோடு வெளிச்சமும் பலமாக இருந்தால், பசுங்கணிகங்களால் அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாமல் இலை கூடுதலாகச் சேதமாகும். இவற்றையெல்லாம் கவனிக்காவிட்டால், விதையின் வயதையும் விளக்கின் உயரத்தையும் மரபணு வேறுபாடு என்று பதிவு செய்துவிடுவோம். ஒவ்வொரு தட்டிலும் தாங்கும் ரகம் ஒன்றும் தாங்காத ரகம் ஒன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் இருக்கட்டும். வெப்பநிலையும் முக்கியம். 4 டிகிரியில் சில நாள் வைப்பதும் 12 டிகிரியில் இரண்டு வாரம் வைப்பதும் ஒரே சோதனை அல்ல. வயலில் வரும் குளிர் எதுவோ அதற்கு நெருக்கமாக வையுங்கள்.

சரி, மரபணுவுக்கு வருவோம். 4ஆவது குரோமோசோமில் உள்ள கோல்டு1 மரபணுவை 2015இல் விளக்கினார்கள். குளிரை உணர்ந்ததும் செல்லுக்குள் கால்சியம் பாய அது துணைபுரிகிறது. அதன் டிஎன்ஏவில் ஒரேயொரு எழுத்து மாற்றம், நெல்லின் இரு பெரும் வகைகளில் ஒன்றான ஜப்பானிக்காவின் தாங்குதிறனோடு தொடர்புடையது. படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. அதற்காக அந்த ஒரு மார்க்கரை (மரபணு இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளத்தை) மட்டும் நம்பி நாற்றுகளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் குணம் இது. எம்-202, ஐஆர்50 என்ற ரகங்களின் கலப்பில் 12ஆவது குரோமோசோமிலும் வலுவான ஓர் இடம் கிடைத்தது. ஒரு கலப்பில் பெரிய பலன் தந்த இடம், வேறு ரகத்தின் பின்னணியில் அடங்கிப்போகலாம்.

ஜப்பானிக்கா ரகங்களையும் மற்றொரு பெரும் வகையான இண்டிகா ரகங்களையும் கலந்து வைத்து மரபணு தேடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானிக்கா பொதுவாகவே குளிர் தாங்கும். அதனால் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் எந்த மார்க்கரும் குளிரோடு தொடர்புள்ளதுபோலத் தெரியும். இரு வகைக்குள்ளும் தனித்தனியாகச் சரிபார்த்தால்தான் நம்பலாம்.

பின்கலப்பில், அதாவது கலப்பின் சந்ததியை மீண்டும் மீண்டும் மூல ரகத்தோடு கலக்கும்போது, குரோமோசோமில் வேண்டிய இடத்துக்கு இருபுறமும் மார்க்கர் வைக்காவிட்டால் பக்கத்திலுள்ள வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும். உயரம் கூடலாம், அரிசியின் தரம் மாறலாம். ஆகவே இப்படி உருவாக்கிய புது நெல் வரிசையையும் மூல ரகத்தையும் குளிரில் மட்டுமல்ல, சாதாரண வெப்பநிலையிலும் அருகருகே வளர்த்து அறுவடைவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.