காப்பி முடிஞ்ச உடனே தம்ப் டிரைவைப் புடுங்காதீங்க

சப்மிஷன் நேரத்துல பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் ஏதாவது பிரிண்ட் கடையில நின்னு பாருங்க, ஃபைல் காப்பி ஆகறதைக் காட்டற பச்சைக் கோடு ஓடி முடிச்ச அடுத்த நொடி பசங்க தம்ப் டிரைவை உருவிட்டு நடையைக் கட்டிடுவாங்க. முக்கால்வாசி நேரம் ஒண்ணும் ஆகாது. அதனாலயே இந்தப் பழக்கம் யாருக்கும் போக மாட்டேங்குது.

டிரைவை எடுக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல எஜெக்ட் கொடுக்கணும், அதாவது எடுக்கப் போறேன்னு சொல்லி எழுதறதை முடிக்க விடணும். "இப்பல்லாம் எஜெக்ட் தேவையே இல்ல லா"ன்னு ஆபீஸ்ல ஒருத்தராவது சொல்வாரு. பாதி சரி. 2018 கடைசியில வந்த விண்டோஸ் 10 அப்டேட் (வெர்ஷன் 1809), அதுலேருந்து குவிக் ரிமூவல்தான் டிஃபால்ட், அதாவது எழுத வேண்டியதை மெமரில தேக்கி வைக்காம நேரா டிரைவுக்கே அனுப்பிடும். ஆனா யாராவது அதை பெட்டர் பெர்ஃபாமன்ஸ்னு மாத்தி வச்சிருந்தா கதை வேற, மெமரில தேக்கி வச்சு எழுதும், டிவைஸ் மேனேஜர்ல உங்க டிரைவோட பாலிசீஸ் டேப்ல பார்த்துக்கலாம். மேக், லினக்ஸ்ல இந்த சலுகையை எதிர்பார்க்காதீங்க, லினக்ஸ்ல காப்பி முடிஞ்சதுன்னு காட்டின பிறகும் டிரைவ் லைட் மினுக்கிட்டே இருக்கும், உள்ள இன்னும் எழுதிட்டிருக்குன்னு அர்த்தம். எந்த சிஸ்டமா இருந்தாலும் எழுதும்போது புடுங்கினா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது.

போறது அந்த ஒரு ஃபைல் மட்டும்னு நினைக்காதீங்க. தம்ப் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் இல்லன்னா ஃபேட்32, ரெண்டுலயும் ஜர்னல் கிடையாது (எழுதறது பாதியில நின்னா சரிபண்ண உதவற குறிப்பு), எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற அட்டவணை பாதி எழுதினபடி நின்னுச்சுன்னா முழு ஃபோல்டரே காணாம போகலாம்.

அடுத்தது, "டிவைஸ் இன் யூஸ்"னு மெசேஜ் வந்தா கடுப்பாகி இழுத்துடறது. எங்கயோ ஒரு வேர்ட் ஃபைல் திறந்திருக்கும், இல்ல ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணிட்டிருக்கும், மேக்னா அதோட தேடல் வசதியான ஸ்பாட்லைட் இன்டெக்ஸ் போடும். விண்டோஸ்ல எது பிடிச்சு வச்சிருக்குன்னே தெரியலையா, ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல ஈவென்ட் ஐடி 225னு தேடுங்க, ப்ரோகிராம் பேரோட இருக்கும். அதுக்கெல்லாம் பொறுமை இல்லன்னா ஷட்டவுன் பண்ணிட்டு எடுங்க. லேப்டாப் மூடியை மூடினா ஷட்டவுன் ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை, அது தூங்குது அவ்வளவுதான், திறந்த ஃபைல் திறந்தபடியே இருக்கும். எம்ஆர்டி பிடிக்கற அவசரத்துல இதைத்தான் நிறைய பேர் பண்றாங்க.

சுத்துற ஹார்ட் டிஸ்க்னா இன்னொண்ணு. எஜெக்ட் ஆன உடனே தூக்கி பேக்ல போடாதீங்க, கையை வச்சுப் பாருங்க, அந்த லேசான அதிர்வு நின்ன பிறகு எடுங்க. எஸ்எஸ்டில சுத்தற பாகம் இல்லாததால இந்தக் கவலை இல்லை, எஜெக்ட் மட்டும் பண்ணணும்.

எல்லாத்தையும் விட மோசமான தவறு புடுங்கின பிறகு நடக்கறது. திரும்ப சொருகினா "ஃபார்மேட் பண்ணணும்"னு கேட்கும், பதட்டத்துல ஓகே தட்டிடாதீங்க. கேன்சல் பண்ணுங்க, அந்த டிரைவுல புதுசா எதையும் எழுதாதீங்க, டிரைவுல பிழை திருத்தற விண்டோஸ் டூலான செக்டிஸ்க்கும் உடனே ஓட்ட வேணாம், திருத்தும்போது அதுவும் டிரைவுல எழுதும், ரெகவரி சாஃப்ட்வேர் வச்சு உள்ள இருக்கறதை வேற டிரைவுக்கு எடுத்த பிறகு பார்த்துக்கலாம். கல்யாண வீடியோ மாதிரி விஷயம்னா நீங்களே நோண்டாம டேட்டா ரெகவரி பண்றவங்ககிட்ட கொடுத்துடுங்க, பார்க்கறதுக்கு மட்டும் எவ்வளவு, ஒண்ணும் கிடைக்கலேன்னா காசு உண்டா இல்லையான்னு முதல்லயே கேட்டுக்கங்க.