மனைவி அம்மா வீட்டில் இருக்கும்போது: ஒப்புரவாகிற வழி

மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து நாசரேத்தோ, மெஞ்ஞானபுரமோ, திசையன்விளையோ, நம்ம ஊர்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான். வேன் பிடித்து, சித்தப்பா, பெரியப்பா, ஊர்ப் பெரியவர் என்று பத்துப் பேர் "பேசி முடிக்க" ஏறிவிடுவார்கள். தயவுசெய்து அந்த வேனை அனுப்பாதீர்கள். பத்துப் பேர் முன்னால் எவரும் தன் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார். போட்ட நகை, கொடுத்த ரொக்கம், கல்யாணப் பந்தியில் யாரையோ கவனிக்காமல் விட்டது என்று எல்லாம் கிளம்பும். இரண்டு பேருக்குள் இருந்த காயம் இரண்டு குடும்பச் சண்டையாகிவிடும்.

வேதத்தில் மத்தேயு 18ஆம் அதிகாரம் வைத்திருக்கும் வரிசை வேறு: முதலில் தனித்து, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபை. மத்தேயு 5:23-24 இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. அவள்மேல் உங்களுக்கு இருக்கிற குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உங்கள்மேல் அவளுக்கு இருக்கிற குறையில்தான் வேலை ஆரம்பிக்கிறது.

முதல் வாரம் யாரிடமும் பேச வேண்டாம். விடியற்காலையில் கால்மணி நேரம் ஒதுக்கி, பாவ அறிக்கையான 51ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டில் நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். "கோபக்காரனாக இருந்தேன்" என்று எழுதினால் போதாது. "மூத்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மாவைக் கேவலமாகப் பேசினேன்" என்று எழுத வேண்டும். "அவள் அப்படிச் சொன்னதால்" என்று ஒரு வரி தொடங்கினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஏழு நாளில் ஒரு பக்கம் நிறைந்தால் நல்ல அறிகுறி. "ஆண்டவரே, அவளை மாற்றும்" என்ற ஒரே ஜெபத்தோடு நாற்பது நாள் உபவாசம் இருப்பவர்கள் பலர். உபவாசம் பேரம் பேசுவதற்கு அல்ல. அப்படி இருந்தவருக்குக் கடைசி நாள் வருவது சமாதானமல்ல, கோபம்.

எழுதியதை ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கர் என்றால் பாதிரியாரிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் உங்கள் சேகரத்தைக் கவனிக்கிற குருவானவரை, அவர் குடியிருக்கும் குருமனையில் தனியாகப் பாருங்கள். ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொல்ல வேண்டாம். சாயங்காலத்துக்குள் அது அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காரணம் குடி என்றால் இங்கே நின்று நிதானிக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்காலம்) தொடங்கியதும் "இனி ஒரு சொட்டும் இல்லை" என்று பொருத்தனை செய்கிறவர்கள் உண்டு. தினமும் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். இது விசுவாசக் குறைவல்ல, உடம்பின் கணக்கு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்துங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம்.

அடுத்து திருப்பிக் கொடுப்பது. வரி வசூலித்த சகேயு வாயால் மட்டும் மனந்திரும்பவில்லை, நாலத்தனையாக (நாலு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்றான் (லூக்கா 19:8). அவள் சங்கிலி அடகில் இருந்தால் மீட்டுக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் அடகுச் சீட்டையே அவள் கையில் கொடுத்து, எந்த மாதம் மீட்பீர்கள் என்று தேதி சொல்லுங்கள். "நம்ம நகைதானே" என்ற வார்த்தை வேண்டாம்.

பிறகு கடிதம். வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்பினால் அரை மணியில் மச்சான், மதினி எல்லோரும் கேட்டுவிடுவார்கள். கையால், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். இப்படி:

"உன்னைக் கேட்காமல் சங்கிலியை அடகு வைத்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். அன்றைக்கு நீ பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நின்றாய், அதற்குக் காரணம் நான். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ எப்போது பேசலாம் என்று சொல்கிறாயோ, அப்போது வருகிறேன்."

இதில் "ஆனா" என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. "என்னை மன்னித்துவிட வேண்டும், வேதம் சொல்கிறது" என்பதும் இல்லை. மன்னிக்கச் சொல்லி வசனம் எடுத்து நீட்டும் உரிமை தப்புச் செய்தவருக்குக் கிடையாது.

பதில் வர மூன்று வாரமும் ஆகலாம். வந்தால், அவளும் மதிக்கிற ஒரே ஒருவர் நடுவில் இருக்கட்டும்: குருவானவர், உபதேசியார், அல்லது அவள் பக்கத்துத் தாய்மாமா. இடம் உங்கள் வீடும் வேண்டாம், அத்தை வீடும் வேண்டாம். குருமனைத் திண்ணை போதும். சபை விருந்தான அசனப் பண்டிகை அன்று போய் நிற்காதீர்கள், ஊரே பந்தியில் உட்கார்ந்து பார்க்கும். முதல் சந்திப்பு அரை மணி நேரம் போதும். "எப்ப வார?" என்று கேட்க வேண்டாம். அவள் பேசுவதை இடைமறிக்காமல் கேட்டு, சொன்னபடி எழுந்து வாருங்கள். பிறகு வாராவாரம் அதே கிழமை, அதே நேரம். பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கேட்குமுன் கட்டுங்கள். ஆறு வாரம் சொல் தவறாமல் வந்த மனுஷனை நம்புவது எளிது, அழுத மனுஷனை நம்புவது கஷ்டம்.

சண்டைக்கு மூலம் உங்கள் அம்மா வீட்டு அடுப்படி என்றால், தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஆதியாகமம் 2:24 தகப்பனையும் தாயையும் விடச் சொல்வது புருஷனைத்தான்.

வழக்குப் போட்டாயிற்று என்றாலும் கதவு மூடவில்லை. சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பரஸ்பர சம்மத மனுவை இருவரும் சேர்ந்து திரும்பப் பெறலாம்.

இதை வாசிப்பவர் அடி வாங்கிய மனைவி என்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை. மன்னிப்பது வேறு, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறு. "சிலுவையைச் சுமந்துகொள்" என்று சொல்லி அனுப்பி வைக்கிற பெரியவர் சொல்வது சுவிசேஷம் அல்ல. பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் தங்கும் உரிமையும் கேட்கலாம். அடித்தவர் சிகிச்சையில் இருந்து, பல மாதம் கை ஓங்காமல் இருந்த பிறகுதான் மற்றப் பேச்சு.

அவள் வீடு திரும்பும் நாளில் சொந்தக்காரரைக் கூட்ட வேண்டாம். ராத்திரி குடும்ப ஜெபத்தை ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள். "கீழ்ப்படிகிற இருதயத்தை இவளுக்குத் தாரும்" என்று ஜெபத்துக்குள்ளேயே குத்திக்காட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; கண்ணை மூடியிருந்தாலும் அது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். சங்கீதத்தை மூத்த பிள்ளை வாசிக்கட்டும். நீங்கள் நன்றி மட்டும் சொல்லி ஆமென் சொல்லுங்கள்.