நகர ரயில் பாதையை நுணுக்கமாகப் பார்ப்பது எப்படி? புதிய ரசிகர்களுக்கான செய்முறை

ஒரு நகரத்தின் எல்லா நிலையங்களிலும் இறங்கிப் பெயர்ப்பலகையைப் படமெடுத்தவர்கள் பலர் உண்டு. அந்தப் பாதையில் ரயில் எங்கே திரும்புகிறது, மின்சாரம் எந்த வழியாக வருகிறது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏன் எப்போதும் வேகம் குறைகிறது என்று கேட்டால் அவர்களில் பலருக்குப் பதில் தெரியாது. நிலையங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, பாதை மாறும் இடங்களைப் பார்க்கப் பழகுங்கள். சுரங்கத்திலிருந்து தண்டவாளம் மேலேறும் வாய், கிளை பிரியும் இடம், பழைய பகுதியோடு நீட்டிப்பு சேரும் நிலையம், கடைசி நிலையத்துக்கு அப்பால் நீளும் தண்டவாளம் ஆகியவைதான் அந்த இடங்கள். ஒரே நாளில் ஐந்து பாதைகளை ஓடி முடிப்பதைவிட, ஒரே பாதையில் போய்த் திரும்பி இரண்டு பக்கமும் பார்ப்பது எவ்வளவோ மேல்.

படி 1: மூன்று வகை வரைபடம்

நிலையத்தில் ஒட்டியிருக்கும் வரைபடம் நிலையங்களின் வரிசையை மட்டுமே சொல்லும். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் வரைந்து, 1933இல் லண்டனில் வெளியான படத்தின் வழிவந்தது அது. கோடுகள் நேராகவோ 45 பாகைச் சாய்விலோ மட்டும் போகும், தூரத்துக்கு மதிப்பில்லை. அதை நம்பி 'அடுத்த நிலையம்தானே, நடந்துவிடலாம்' என்று கிளம்பினால் கால் வலிதான் மிச்சம்.

இரண்டாவதாக, அளவு சரியாக உள்ள தெரு வரைபடம். சுரங்கத்தில் இணையம் கிடைக்காமல் போகலாம், எனவே முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: தண்டவாள வரைபடம். ஓபன்ரயில்வேமேப் தளத்தில் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்), மின்வோல்ட்டேஜ், வேக வரம்பு, சிக்னல் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பார்க்கலாம். தன்னார்வலர்கள் நிரப்பும் தளம் என்பதால், கட்டுமானத்தில் இருக்கும் பாதையும் ஓடும் பாதையும் புதியவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியக்கூடும். விளக்கப் பட்டியலைப் பார்த்துப் பிரித்தறியுங்கள். பாரிஸ், லண்டன் போன்ற நகரங்களுக்கு கார்ட்டோமெட்ரோ தளம் ரயில் தடம் மாறும் ஒவ்வொரு பாயின்ட்டையும் காட்டும் அளவுக்கு விரிவானது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் பாதையை ஒற்றைக் கோடாக வரையுங்கள். கிராஸ்ஓவர் (இணைத்தடத்துக்கு மாறும் குறுக்குத் தடம்), சைடிங் (ரயிலை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடம்), டிப்போவுக்கு (ரயில் பராமரிப்புக் கூடம்) பிரியும் தடம், சுரங்க வாய், கிளை ஆகியவற்றைக் குறியுங்கள். பயணத்தில் கையில் இருக்க வேண்டியது இந்தத் தாள்தான்.

கால அட்டவணையையும் விட்டுவிடாதீர்கள். பல நகரங்கள் ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவில் அதை இலவசமாகத் தருகின்றன. ஜிப் கோப்பை விரித்தால் உள்ளே சாதாரண அட்டவணைகள் இருக்கும், விரிதாள் செயலியில் திறந்துவிடலாம். அதில் 25:10:00 என்று நேரம் இருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். முந்தைய நாளின் சேவை நள்ளிரவைத் தாண்டி 1.10க்கு ஓடுகிறது என்று பொருள். காலையின் முதல் ரயில்கள் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். நடுவழி நிலையம் ஒன்றிலிருந்து கிளம்பினால், பெரும்பாலும் அதன் அருகில் டிப்போவோ இரவில் ரயில் நிறுத்தும் தடமோ இருக்கும்.

படி 2: எந்த வரிசையில் போவது

கிளையுள்ள பாதையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு புள்ளியில் சேரும் தடங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்று பாருங்கள். கடைசி நிலையத்தில் ஒன்று, மூன்று தடம் கூடும் சந்திப்பில் மூன்று, இரண்டுமே ஒற்றைப்படை. கணிதவியலாளர் ஆய்லர் 1736இல் காட்டியபடி, இத்தகைய புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் எதையும் இருமுறை கடக்காமல் முழுவதையும் முடிக்க முடியாது. ஒரு கிளை மட்டும் உள்ள பாதையில் மூன்று முனைகளும் ஒரு சந்திப்புமாக நான்கு புள்ளிகள் உள்ளன. அதனால் சந்திப்பிலிருந்து முனை வரை நீளும் மூன்று கைகளில் ஒன்றை மட்டும் இருமுறை போக வேண்டும். மற்ற இரு முனைகளில் ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடியுங்கள்.

இருமுறை போக எந்தக் கையைத் தேர்ந்தெடுப்பது? நீளத்தில் குறைந்ததை என்று தோன்றும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரயில்களுக்கு இடையிலான நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் குட்டைக் கிளையைவிட, 4 நிமிடத்துக்கு ஒன்று ஓடும் நீளமான கிளை சீக்கிரம் முடிந்துவிடலாம்.

அடுத்தது கட்டண விதி. டிக்கெட் கேட்டுக்குள் இத்தனை நேரம்தான் இருக்கலாம் என்று பல மெட்ரோக்களில் வரம்பு உண்டு. தாண்டினால் வெளியேறும் இடத்தில் அபராதம். நுழைந்த நிலையத்திலேயே வெளியேறினாலும் கேட் மறுக்கலாம். நாள் பாஸ் இருந்தால் அதையே வாங்குங்கள், ஆனால் பாஸ் இருந்தாலும் நேர வரம்பு பொருந்துமா என்று விதியைப் படித்துவிடுங்கள். டோக்கியோவைச் சுற்றிய ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாதைகளில் நிலைமை நேர்மாறு. குறிப்பிட்ட புறநகர் எல்லைக்குள், ஒரு நிலையத்தை இருமுறை கடக்காத வரை, எவ்வளவு சுற்றிப் போனாலும் குறுகிய வழிக்கான கட்டணமே போதும்.

கடைசி நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கிவிடுங்கள். காலி ரயில் சைடிங்குக்குப் போகும்போது உள்ளே இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நியூயார்க்கின் 6ஆம் எண் ரயில் அபூர்வமான விதிவிலக்கு. புரூக்ளின் பிரிட்ஜ் நிலையத்துக்குப் பிறகு அது, 1945 டிசம்பர் 31 அன்று மூடப்பட்ட பழைய சிட்டி ஹால் நிலையத்தின் வளைவு வழியாகத்தான் திரும்புகிறது. உள்ளேயே உட்கார்ந்து அதைப் பார்க்கலாம்.

படி 3: பையில் என்ன

சிறு நோட்டு, பேனா, பவர்பேங்க், கைக்குட்டை அளவில் ஒரு கறுப்புத் துணி. போதும். கத்தி, கத்தரிக்கோல் இருந்தால் பல மெட்ரோக்களின் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள்.

படி 4: இருக்கை

ஓட்டுநர் இல்லாத ரயிலாக இருந்தால் முன் கண்ணாடிதான் சிம்மாசனம். 1987இல் திறந்த லண்டன் டாக்லாண்ட்ஸ் பாதை, கோபன்ஹேகன் மெட்ரோ, சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதை ஆகியவற்றில் தண்டவாளம் முழுதும் கண் முன்னே விரியும். நெரிசல் நேரத்தில் அந்த இடம் கிடைக்காது, முற்பகல் 11 மணிக்கு மேல் முயலுங்கள். ஓட்டுநர் அறை உள்ள ரயிலில் பக்க ஜன்னல்தான் வழி.

எந்தப் பக்கம் என்பது ரயில் எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இடப்புறத் தடத்தில் ஓடினால் வலது ஜன்னலில் எதிர்த்தடமும் கிராஸ்ஓவரும் தெரியும், இடது ஜன்னலில் மின்கம்ப எண்களும் கிலோமீட்டர் பலகைகளும் தெரியும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் உட்கார்ந்தால் இரண்டும் கிடைத்துவிடும். சாலையைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். மாட்ரிட்டிலும் ஸ்டாக்ஹோமிலும் வாகனங்கள் வலப்புறம் ஓடுகின்றன, மெட்ரோ இடப்புறம் ஓடுகிறது.

ஒலி கேட்க விரும்பினால் மோட்டார் பெட்டியில் ஏறுங்கள். எல்லாப் பெட்டியிலும் மோட்டார் இருக்காது. ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் நின்று எந்தப் பெட்டியின் அடியில் ரீங்காரம் கேட்கிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும். பழைய டிசி (நேர்மின்னோட்ட) மோட்டாரில் கியரின் முனகலும், கான்டாக்டர் என்ற மின்சுவிட்ச் விழும் 'டக்' ஒலியும் கேட்கும். மோட்டாருக்கான மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர்களில், ஜிடிஓ என்ற பழைய மின்னணு உறுப்பு உள்ளதில் சுருதி படிப்படியாகத் தாவும், பிறகு வந்த ஐஜிபிடியில் தாவல் மென்மையாக இருக்கும். ஜப்பானின் கெய்க்யூ 2100 வகை ரயில்களில் இருந்த சீமென்ஸ் ஜிடிஓ இன்வெர்ட்டர் சுரவரிசை போலவே ஏறும். பின்னாளில் அதை மாற்றிவிட்டார்கள், ரசிகர்களுக்கு அது பெரிய வருத்தம்.

படி 5: மின்சாரம், கேஜ், மாறும் இடங்கள்

முதலில் மின்சாரம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று பாருங்கள். சென்னை மெட்ரோவிலும் டெல்லி மெட்ரோவிலும் தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்). பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் தரையில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசி. லண்டன் அண்டர்கிரவுண்டில் நான்காவதாகவும் ஒரு மின் தண்டவாளம் நடுவில் ஓடும்.

மூன்றாம் தண்டவாளம் உள்ள ஊரில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொடர்ந்து கவனியுங்கள். நிலையத்துக்குள் பொதுவாகப் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்புறம்தான் வைப்பார்கள், விழுந்தவர் மேல் படக்கூடாது என்பதற்காக. அதனால் பிளாட்பாரம் இடமிருந்து வலம் மாறினால் அதுவும் பக்கம் மாறும். பாயின்ட் உள்ள இடத்தில் குறுக்குத் தடத்துக்கு வழிவிட அது அறுந்து மீண்டும் தொடங்கும். பழைய பெட்டிகளில் அந்த இடைவெளியில் விளக்கு ஒரு கணம் அணையும். உங்கள் தாளில் கிராஸ்ஓவர் குறித்த இடத்தில் விளக்கு அணைந்தால் வரைபடம் சரி என்று டிக் போடலாம்.

இருவேறு அமைப்புகள் ஒட்டும் இடங்களில் பார்க்க நிறைய உண்டு. சியோலின் 4ஆம் பாதையில் நம்தேரியோங், சொன்பாவி நிலையங்களுக்கு நடுவே இரண்டு தடங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு, வலப்புற ஓட்டம் இடப்புறமாக மாறுகிறது. 1,500 வோல்ட் டிசி 25,000 வோல்ட் ஏசியாகவும் அங்கேதான் மாறுகிறது. நகர மெட்ரோவும் தேசிய ரயில்வேயும் தத்தம் வழக்கப்படி கட்டியதன் விளைவு அது.

கேஜும் இப்படித்தான். டெல்லியின் முதல் பாதைகள் 1,676 மி.மீ., பின்னால் வந்தவை 1,435 மி.மீ. ஒன்றின் ரயில் மற்றதில் ஓடாது, டிப்போவும் தனித்தனி. டொராண்டோ சப்வேயின் 1,495 மி.மீ. இன்னும் விசித்திரம். அளவை அறிய வரைபடம் போதும், அதற்காகத் தண்டவாளத்தில் இறங்குவது குற்றம்.

மூடப்பட்ட நிலையங்களைத் தேடும்போது முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி, கறுப்புத் துணியால் உள்விளக்கை மறையுங்கள். சுரங்கச் சுவர் திடீரென்று விலகி, ஓடு பதித்த பரப்பு தெரிந்தால் அதுதான். பாரிஸில் 1939இல் மூடிய ஆர்செனல் நிலையம் 5ஆம் பாதையிலும், குருவா-ரூஜ் நிலையம் 10ஆம் பாதையிலும் இப்படிக் கடந்துபோகும்.

ஊழியர்களின் கைகளையும் பாருங்கள். நியூயார்க்கில் ரயில் நின்றதும் கண்டக்டர் பிளாட்பாரத்தின் நடுவே தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டுவார். ரயில் முழுதும் பிளாட்பாரத்துக்குள் நின்றதா என்று உறுதிசெய்த பிறகே கதவு திறக்க வேண்டும் என்பதற்கான நடைமுறை அது.

படி 6: கைபேசியால் அளப்பது

வேகம்: மேலே ஓடும்போது ஜிபிஎஸ் போதும். சுரங்கத்தில் அது வேலை செய்யாது. கிலோமீட்டர் பலகைகள் இருந்தால், 1 கி.மீ. கடக்கும் நொடிகளால் 3,600ஐ வகுங்கள். 45 நொடி என்றால் மணிக்கு 80 கி.மீ. மூட்டுச் சத்தம் கேட்கும் பழைய தண்டவாளத்தில், ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் 13 மீட்டர் என்றால் 47 நொடியில் கேட்கும் 'டக்டக்' எண்ணிக்கையே கிட்டத்தட்ட மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகம். ஒரு மூட்டில் முன்சக்கரம் தாண்டுவதையும் பின்சக்கரம் தாண்டுவதையும் சேர்த்து ஒன்றாக எண்ணுங்கள், இல்லாவிட்டால் விடை இரட்டிப்பாகும். வெல்டிங் செய்த நெடும் தண்டவாளத்தில் இந்த வழி பயன்படாது.

முடுக்கம்: ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி கைபேசியின் உணரியைப் பதிவுசெய்யும். கையில் பிடிக்காமல் அசையாத பரப்பில் மட்டமாக வையுங்கள். கிளம்பும்போது வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் என்ற அளவையொட்டிக் கூடினால் நகர ரயிலுக்கு அது இயல்பு. ஏற்றத்தில் எடுத்த அளவை நம்பாதீர்கள். 3 சதவீதச் சரிவு மட்டுமே 0.3 அளவுக்குப் பிழை சேர்க்கும்.

ஆழம்: காற்றழுத்த உணரி உள்ள கைபேசியில் இதுதான் சுவாரசியம். கடல்மட்டத்தையொட்டி, 1 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 0.12 ஹெக்டோபாஸ்கல் கூடும். 3 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு வந்தால் சுமார் 25 மீட்டர். ஓடும் ரயிலில் அளந்தால் எண் தாறுமாறாக ஆடும், ஏனென்றால் சுரங்கத்தில் ரயில் முன்னாலுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. ரயில் நின்று கதவு திறந்தபின் மட்டும் குறியுங்கள். வானிலையாலும் அழுத்தம் மாறும் என்பதால், தொடங்கிய நிலையத்துக்கே திரும்பிவந்து மறுபடி அளந்து, அந்த வேறுபாட்டை நேரத்துக்கேற்பப் பகிர்ந்து கழியுங்கள்.

படி 7: படம் எடுக்கும்போது

அனுமதி விதி ஊருக்கு ஊர் வேறு, முதலில் அதைப் பாருங்கள். ஃபிளாஷ் எங்குமே வேண்டாம், ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும். ரயிலின் எல்இடி பலகையில் எழுத்து பாதி விழுந்தால் ஷட்டர் வேகம் அதிகம் என்று பொருள். 1/60 நொடிக்குக் குறைத்து, ரயில் நின்றபின் எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் குழல்விளக்கின் கீழ் பட்டை விழாமலிருக்க 1/50 அல்லது 1/100 வையுங்கள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். மேல்கம்பி உள்ள இடத்தில் செல்ஃபி குச்சியை உயர்த்தவே கூடாது, 25,000 வோல்ட் தொடாமலே பாயும்.

படி 8: குறிப்பு

ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, பெட்டி எண், ஏறிய நிலையம், புறப்பட்ட நேரம், உட்கார்ந்த பக்கம் ஆகியவை கட்டாயம். பக்கத்தை எழுதாமல் விட்டால், 'இடப்புறம் சைடிங்' என்ற குறிப்பு ஒரு மாதம் கழித்து எதற்கும் உதவாது. 'டிப்போ திசை', 'கிழக்குப் பக்கம்' என்று நிலையான அடையாளத்தோடு எழுதுவது இன்னும் நல்லது. கண்ணால் பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள், ஊகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும்.

ஓபன்ரயில்வேமேப்பில் தவறு கண்டால், அதற்குத் தரவு தரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தலாம். நேரில் பார்த்ததை மட்டும் சேருங்கள். காப்புரிமை உள்ள வேறொரு வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்தால் அந்தத் திருத்தத்தை நீக்கிவிடுவார்கள்.