மலை வீட்டு அடுப்படிக்கு எந்தக் கல், எந்த டைல்ஸ்?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக் கல்லைப் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ போய்த்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே வெயிலில் பளபளக்கும் கல்லை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஆடிச் சாரலில் நாள்கணக்காக வெயில் படாத, ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும் அடுப்படியில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் பட்ஜெட்டில் பெரும்பகுதியை மேடைக்கு ஒதுக்கிவிட்டு, கலர் டிசைன் ஆசையெல்லாம் சுவரில் தீர்த்துக்கொள்வதுதான் சரி. சுவர் டைல்ஸை எப்போது வேண்டுமானாலும் உடைத்து மாற்றலாம், மேடைக் கல்லைக் கழற்றினால் சிங்க், குழாய், கீழே அலமாரி எல்லாவற்றையும் தொட வேண்டிவரும்.

மேடைக்கு கிரானைட். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்போ கறியோ திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது, எல்லாவற்றுக்கும் குக்கர்தான், அதைச் சூட்டோடு இறக்கி மேடையில் வைப்பதுதான் நம் வழக்கம். கிரானைட் இதைத் தாங்கும். குவார்ட்ஸ் பார்க்க ரொம்ப அழகு, ஆனால் அது கல்தூளை ரெசின் என்ற பிசினில் கலந்து அழுத்திச் செய்தது, 150 டிகிரியைத் தாண்டினால் ரெசின் நிறம் மாறிவிடும், காய்ந்த தோசைக்கல் அதைச் சுலபமாகத் தாண்டும். நானோ ஒயிட் கண்ணாடி வகை. டிசம்பர் விடியலில் சில்லென்று கிடக்கும் பலகைமேல் கொதிக்கிற பாத்திரத்தை வைத்தால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்புக் கல் இனம், புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பாலிஷ் போய் மங்கிவிடும். கடப்பாவைக் கீழே அலமாரித் தட்டுக்குப் போடுங்கள், அதற்கு அருமையான கல்.

கிரானைட்டிலும் அடர் நிறமாக எடுங்கள். மதுரைப் பக்கம் வெட்டும் காஷ்மீர் ஒயிட் மாதிரி வெளிர் கல் தண்ணீரை உறிஞ்சும், நம் ஊர் பீட்ரூட்டை நறுக்கி அப்படியே விட்டுவிட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். ஆசைப்பட்டு வாங்கினால் பதித்து நன்றாகக் காய்ந்தபின், கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் அடித்தே ஆக வேண்டும், சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடியும் அடிக்க வேண்டும்.

கடையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுக் கறுப்புக் கல்லை அழுத்தித் துடையுங்கள், துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயம் ஏற்றிய கல், வேண்டாம். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு பத்து நிமிஷம் பொறுங்கள். துடைத்தபின் அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். கல்லைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள், வலை ஒட்டியிருந்தால் எதற்கு என்று கேளுங்கள், பலமில்லாத கல்லுக்கும் அப்படி ஒட்டுவது உண்டு. கனம் 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, டேப் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

சரி, சுவர். மலையை வெட்டிக் கட்டிய வீட்டில் ஒரு சுவராவது மண்ணை ஒட்டி நிற்கும், அதன்மேல் எவ்வளவு விலையுள்ள டைல்ஸ் ஒட்டினாலும் ஓதம் தள்ளிவிடும். ஒட்டுவதற்கு முன் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவர் கசிகிறது, முதலில் வாட்டர்புரூஃபிங். வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது, காற்றுப்போக்கிக்கு வழி செய்தால் போதும்.

மேடை கறுப்பாக இருந்தால் சுவர் வெளிர் நிறத்தில், பளபளப்பான டைல்ஸாக இருக்கட்டும், மூட்டம் போட்ட நாளில் அறைக்கு வெளிச்சம் கொடுப்பது அதுதான். பெரிய சைஸ் எடுத்தால் இடுக்கு குறையும். இடுக்கை அடைக்க எபாக்ஸி கிரவுட் என்ற ரெசின் பூச்சு கேளுங்கள், மேஸ்திரி வெள்ளை சிமெண்டே போதும் என்பார், கேட்காதீர்கள், அது மஞ்சளையும் எண்ணெயையும் குடித்து ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிடும். ஆத்தங்குடிக் கல் பிடிக்கும் என்றால் ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு வரிசை ஒட்டுங்கள், அது சிமெண்ட் கல் என்பதால் அடுப்புக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். சுவருக்குக் கண்ணாடி என்றால் சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடிதான், அதைப் பிறகு வெட்ட முடியாது, ஆகவே பிளக் பாயின்ட் ஓட்டைக்கு முன்னாலேயே அளவு கொடுத்துவிடுங்கள். பிவிசி ஷீட் வேண்டவே வேண்டாம், பின்னால் பூஞ்சை பிடிக்கும், நெருப்புக்கும் ஆகாது.

பதிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரசமட்டம் வைத்து சிங்க் பக்கம் லேசாகச் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். கல்லும் டைல்ஸும் சேரும் மூலையில் சிமெண்ட் பூசினால் மயிரிழை வெடிப்பு விட்டு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடாகப் பூஞ்சை ஓடும், அங்கே பூஞ்சை பிடிக்காத சிலிக்கான்தான் போட வேண்டும். மேடை விளிம்பின் அடியில் ஒரு மெல்லிய கோடு வெட்டிவிட்டால் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், அலமாரிக் கதவுக்குப் போகாது.

சிங்க் ஓட்டையைக் கடையிலேயே போட்டு ஏற்றிவிடுவார்கள், சம்மதிக்காதீர்கள். ஓட்டை போட்ட கல்லில் முன்னும் பின்னும் இரண்டு மூன்று அங்குலம்தான் மிஞ்சும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி குலுங்கும்போது சரியாக அங்கேதான் உடையும். நீள அகலம் மட்டும் கீழே கடையில் வெட்டி, கல்லைப் படுக்கவைக்காமல் சாய்த்து நிறுத்திக் கட்டி ஏற்றச் சொல்லுங்கள், ஓட்டையை வீட்டுக்கு வந்தபின் வெட்டிக்கொள்ளலாம்.