ஹேல் கவுண்டியின் பருத்திக்காட்டுப் படங்களைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேல் கவுண்டி என்ற மாவட்டத்தில் விளைச்சலில் நிலக்காரருக்குப் பங்கு தந்து பருத்தி பயிரிட்ட குடும்பங்களைப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1936 கோடையில் படமெடுத்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் அவற்றை இலவசமாகவே பார்க்கலாம்.

கவுண்டியின் பெயரோடு மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். தலைப்பில்லாத நெகட்டிவ்கள் பல இந்தத் தேடலில் சிக்காது. அது தெரியாமல் ஒரு வாரம் அதே பத்துப் படங்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன்! கிடைத்த படத்தின் அழைப்பு எண்ணுக்கு (நூலகம் ஒவ்வொரு படத்துக்கும் தரும் அடையாள எண்) முன்னும் பின்னும் உள்ளவற்றைத் திறந்து பாருங்கள், வரிசையாக வரும்.

அப்புறம், சின்னப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். டிஃப் (TIFF) என்ற பெரிய படக் கோப்பை இறக்கிப் பெரிதாக்கினால் பலகைச் சுவரின் இடுக்குகூடத் தெரியும். சிலவற்றில் கறுப்பு வட்டம் இருக்கும். ஸ்கேன் கோளாறு இல்லை; அரசின் புகைப்படத் திட்டத்துக்குத் தலைவராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கர் வேண்டாமென்று ஒதுக்கிய நெகட்டிவில் போட்ட ஓட்டை. எனக்கென்னவோ அந்த ஓட்டைப் படங்கள்தான் பிடிக்கின்றன.