வீட்டு ஜிம்முக்கு ரப்பர் ஃப்ளோரிங் போடறவங்க பண்ற தப்புங்க

ரப்பர் ஃப்ளோரிங்னா எல்லாரும் கலரையும் ரேட்டையும்தான் பாக்கறாங்க, அடியில இருக்கற தரை என்ன நிலைமையில இருக்குன்னு யாரும் பாக்கறதே இல்ல, ஆனா பிரச்சனை பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது.

முக்கியமா தரைத்தளத்து ரூம். மழைக்காலத்துல ஓதம் காக்குற தரை மேல ரப்பர ஒட்டிட்டா அந்த ஈரம் மேல வர வழியில்லாம அடியிலயே நின்னு பசைய விட வைக்கும், ஓரமெல்லாம் தூக்கிக்கும், பூஞ்சை நாத்தம் வரும். புதுசா போட்ட கான்கிரீட்னா இன்னும் மோசம். 28 நாள் கியூரிங் முடிஞ்சாச்சு ஒட்டலாம்னு சொல்வாங்க, கியூரிங்ங்கிறதே தரைய ஈரமா வச்சிருக்கறதுதானே, அது முடிஞ்சப்புறம்தான் காயவே ஆரம்பிக்குது! ஈஸியான டெஸ்ட் இருக்கு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்ட வெறும் கான்கிரீட் மேல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க, எடுக்கறப்ப அடியில தண்ணி முத்து கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ இப்ப ஒட்டாதீங்க, முதல்ல ஓதத்துக்கு வழி பண்ணுங்க.

தரை வினைல்னா நேரா மேல விரிக்காதீங்க. ரப்பர்ல கலந்திருக்கற கெமிக்கல் வினைல்ல ஏறி மஞ்சளா கறை விழும், தேச்சாலும் போகாது.

அடுத்து வாங்கறது. ஒண்ணோட ஒண்ணு கோக்கற மாதிரி மெத்துமெத்துன்னு கலர் கலரா விக்கிற மேட் பல சமயம் ரப்பரே இல்ல, இவிஏ ஃபோம்ங்கிற ஒரு பிளாஸ்டிக் நுரை. குழந்தை தவழ ஓகே, டம்பெல் வச்சீங்கன்னா பள்ளம் விழுந்து அப்படியே நிக்கும், ஸ்குவாட் பண்ணா கால் ஆடும். ஜிம் ரப்பர்ங்கிறது பழைய டயர அரைச்ச துகள பியூ பைண்டர் (பாலியூரித்தேன் பசை) போட்டு அழுத்தினது, அதுல நீலம் சிவப்புன்னு தெரியற புள்ளிதான் இபிடிஎம்ங்கிற ஒரு செயற்கை ரப்பர். தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சிடும், 10 எம்எம் ஷீட் ஒரு சதுர மீட்டர் சுமார் 10 கிலோ இருக்கும்.

டிரெட்மில், சைக்கிள், சின்ன டம்பெல்லுக்கு 6 இல்ல 8 எம்எம் போதும். டெட்லிஃப்ட்னு பெரிய வெயிட்ட தரையில இருந்து தூக்கி கீழ போடறவங்க அதையே நம்பி போட்டுட்டு அப்புறம் கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்கன்னு புலம்பக்கூடாது, அந்த அதிர்வு ஸ்லாப் வழியா நேரா இறங்கும், அந்த இடத்துக்கு மட்டுமாவது பிளைவுட்டும் தடிமனான ரப்பரும் சேத்து ஒரு மேடை வேணும்.

மொட்டை மாடியில கருப்பு ரப்பர் போடற ஐடியா இருந்தா விட்டுடுங்கன்னுதான் சொல்வேன். வெயில்ல நாளாக நாளாக இறுகி உதிரும், மே மாச மத்தியானம் வெறும் கால வைக்க முடியாது. மேல இபிடிஎம் லேயர் இருந்தா வெயில ஓரளவு தாங்கும், ஆனா சூடு சூடுதான். மழைத்தண்ணி போற வழிய வேற அடைச்சிடும்.

ரோல் வந்த அன்னைக்கே வெட்டி ஒட்ட ஆள் அவசரப்படுத்துவாரு, விடாதீங்க, ஒரு நாளாவது விரிச்சு போட்டு வைங்க. இழுத்து ஒட்டினா பின்னாடி சுருங்கி ஜாயின்ட்ல இடைவெளி விழும்.

துடைக்கறதுல நம்ம வீடுகள்ல பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர்னு கைக்கு கிடைச்சத ஊத்துவோம், கறைக்கு மண்ணெண்ணெய் வேற. இதுல எதுவுமே ரப்பருக்கு ஒத்துக்காது, மண்ணெண்ணெய் பட்டா உப்பிடும். கொஞ்சம் சோப்புத்தண்ணியில மாப்ப நல்லா பிழிஞ்சு துடைச்சா போதும், பக்கெட்டோட ஊத்தினா துகளுக்கு நடுவுல இறங்கிடும்.

புது ரப்பர் வாடை அடிக்கும், ஜன்னல திறந்து வச்சா கொஞ்ச நாள்ல குறையும். ஏசி போட்டு மூடியே வச்சிருக்கற ரூம்னா ஒரு துண்டு சாம்பிள் வாங்கி ராத்திரி அங்க வச்சு காலையில போய் பாருங்க, அந்த வாடை உங்களுக்கு ஒத்துக்குமான்னு தெரிஞ்சிடும். அப்படியே கதவு உள்பக்கம் திறக்குதான்னும் பாத்துக்கோங்க, 10 எம்எம் ஏறினா கதவு இடிக்கும், கார்பென்டர கூப்பிட்டு அடிய இழைக்கணும்.