பார்க்கின்சன்: மாத்திரை நேரத்தைச் சுற்றி நாளை அமைப்பது

பார்க்கின்சன், அதாவது உடம்பு இறுகி அசைவு மெதுவாகும் நரம்பு நோய், உள்ளவர் இருக்கும் வீட்டில் முதலில் எழுதி ஒட்ட வேண்டியது மாத்திரை நேரம். இந்த நோய்க்குத் தரும் முக்கிய மாத்திரையான லெவோடோபா-கார்பிடோபா பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி கழித்தோதான் சரியாகப் பிடிக்கும். பால், பருப்பு, முட்டை, மீனில் இருக்கும் புரதம் மருந்து உடம்பில் சேரவிடாமல் போட்டி போடும். மாத்திரை போட்டும் கைகால் இறுகியே இருந்தால், பாலோடு விழுங்கினாரா என்று பாருங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். மருந்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு விறைப்பைக் கூட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் பழைய மருந்துச் சீட்டை முதலில் நீட்டுங்கள்.

ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள்: மாத்திரை போட்ட மணி, உடம்பு இளகிய மணி, மறுபடி இறுகிய மணி. அளவை மாற்ற நரம்பியல் டாக்டருக்கு இதைவிட உதவும் தகவல் இல்லை. குளியலையும் நடையையும் இளகிய நேரத்துக்குத் தள்ளுங்கள்.

வாசற்படியில், குறுகலான இடத்தில், திரும்பும்போது கால் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. உடம்பு முன்னே வரும், கால் வராது, விழுந்துவிடுவார். பேச்சை நிறுத்துங்கள். எடையை ஒரு காலுக்கு மாற்றச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள். தினமும் நிற்கும் இடத்தில் தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டினால், அதைத் தாண்டக் கால் தானாக எழும்.

நாற்காலியிலிருந்து எழ: நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனியட்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவர் தோளும் உங்கள் இடுப்பும் சேர்ந்தே போகும். எழுந்ததும் சற்று நிற்கட்டும். பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம்.

முகம் இறுகியிருப்பது கோபமல்ல. அது நோயின் வேலை. இது புரியாமல் மனம் நொந்துபோகிறவர்கள் நிறைய.

"எல்லா வேலையும் முடிந்தபின் ஓய்வு" என்றால் ஓய்வே கிடைக்காது. இளகிய நேரத்தில் சட்டை பட்டனை அவரே போடட்டும், பத்து நிமிடம் ஆனாலும் சரி; நீங்கள் உட்காருங்கள். ராத்திரி தூக்கத்தில் கத்திக் கைகால் வீசினால் பக்கத்தில் தனிக் கட்டில் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் பார்க்கட்டும். மாத்திரைத் தாள் சுவரில் இருந்தால் பார்க்க வருபவருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் சுகர், பிரஷர் மாத்திரையையும் அதே தாளில் எழுதுங்கள்.